உதையால் எழாத எஞ்சின்

உழைப்பு இரும்பைத் தேய்க்கும். ஓய்வு அதனை அரிக்கும். நாள்தோறும் மண்ணிற் புரளும் மண்வெட்டியின் அலகு வெள்ளி போல் மின்னுகின்றது. கொட்டில் மூலையிற் சாத்திவைத்த மண்வெட்டியோ ஒரே மாரியில் துருவேறிச் சிவந்துபோகின்றது. இறைக்காத கிணறு நாறும் என்று எம் கமக்காரர் சொல்வதும் இதனையே. மனிதனுடைய உடலுக்கும் அறிவுக்கும் பொருந்துகின்ற இவ்வுண்மை, அவன் ஆக்கிய யந்திரங்களுக்கும் பொருந்தும். நெடுநாள் நிறுத்திவைத்த மோட்டார் சைக்கிள் ஏன் உயிர்பெற மறுக்கின்றது, அதனை எவ்வாறு எழுப்புவது என்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

இவ்விஷயத்தை எடுக்கத் தூண்டியது ஒரு கடிதம். வடமராட்சி கிழக்கைச் சேர்ந்த உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் எழுதியிருக்கின்றார். தந்தையார் தொழிலின் பொருட்டு வெளிநாடு சென்று ஒன்றரை ஆண்டாகின்றது. அவர் விட்டுச்சென்ற மோட்டார் சைக்கிள் தாழ்வாரத்தில் சாக்குப் போர்த்தபடி நிற்கின்றது. தாயாரை மாதந்தோறும் மந்திகை வைத்தியசாலைக்குக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லவேண்டும். பஸ் வரும் நேரமும் கிளினிக் நேரமும் ஒத்துவருவதில்லை. ஓட்டோவுக்குக் கொடுக்கும் பணமோ வீட்டுச் செலவில் பெரும் பங்காகிவிடுகின்றது. மாணவர் இப்போதுதான் சாரதி அனுமதிப்பத்திரம் பெற்றிருக்கின்றார். "இரண்டு நாளாக உதைத்தும் ஸ்ராட் ஆகவில்லை, ஐயா. கராஜுக்குக் கொண்டுபோனால் எவ்வளவு செலவாகுமோ என்று அம்மா யோசிக்கின்றா. கிடைத்த விலைக்கு விற்றுவிடலாமா?" என்று வினவுகின்றார்.

விற்கவேண்டா என்பதே எமது விடை. 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகனங்களை இறக்குமதி செய்வது நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியிலேதான் அத்தடை பொதுவாக நீங்கியது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய மோட்டார் சைக்கிளின் விலை எங்கே ஏறி நின்றது என்பதை வாங்க முயன்ற ஒவ்வொரு குடும்பமும் அறியும். ஓடாத வண்டியாக விற்றாற் கிடைக்கும் பணத்தில் ஓடும் வண்டியொன்றை வாங்குதல் அரிது. ஆகவே தம்பி உதைப்பதை நிறுத்தி, ஆராயத் தொடங்கவேண்டும். எஞ்சின் பிடிவாதம் பிடிப்பதில்லை. அதற்கு வேண்டியது ஏதோ ஒன்று கிடைக்கவில்லை, அவ்வளவே.

வேண்டுவன மூன்று

ஜேர்மனியரான நிக்கொலவுஸ் ஒட்டோ 1876 இல் நான்கடிப்பு எஞ்சினைச் செய்து காட்டினார். 1885 இல் டெயிம்லரும் மேபாக்கும் அத்தகைய எஞ்சினொன்றை மரச்சட்டத்திற் பூட்டி, உலகின் முதல் பெற்றோல் மோட்டார் சைக்கிளை ஓடச் செய்தனர். அன்று தொட்டு இன்று வரை யந்திரம் எவ்வளவோ மாறியும் அதன் வேண்டுகைகள் மாறவில்லை. முதலாவது, காற்றோடு அளவாகக் கலந்து ஆவியான எரிபொருள். இரண்டாவது, அதனைக் கொளுத்துதற்கு உரிய வேளையில் விழும் மின்பொறி. மூன்றாவது, அக்கலவையைக் கசியவிடாது அமுக்கும் சிலிண்டரும் பிஸ்ரனும். இம்மூன்றும் ஒருங்கே அமைந்தால் எஞ்சின் ஓடியே தீரும். ஓடவில்லையெனின் மூன்றில் ஒன்று குறைகின்றது. எது குறைகின்றது என்று கண்டுபிடிப்பதே முழு வித்தையும்.

திருக்குறளின் 95 ஆம் அதிகாரமாகிய 'மருந்து' வைத்தியனுக்கு ஓர் ஒழுங்கை விதிக்கின்றது. நோய் இன்னதென அறிதல், அதன் காரணத்தை அறிதல், தணிக்கும் வழியை அறிதல், பின்னர் பொருந்தச் செய்தல் என்பதே அவ்வொழுங்கு. உதைத்து உதைத்துக் களைப்பவர் முதல் மூன்றையும் விட்டு நான்காவதிலே தொடங்குகின்றவர்.

நோய்க்குக் காரணம் இடத்தையும் பொறுத்தது. கண்டியில் நிறுத்திவைத்த வண்டியும் பருத்தித்துறையில் நிறுத்திவைத்த வண்டியும் ஒன்றல்ல. எம் கரையிலே காற்று உப்பைச் சுமந்து வருகின்றது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பது. எனவே மழையே காணாத ஆடி மாதத்திலுங்கூட இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் ஒன்று படிந்திருக்கும். துருவும், மின்கம்பிகளின் பொருத்துகளிற் பூக்கும் பச்சைக் களிம்பும் அதன் பிள்ளைகள். ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் வாடை மழை எஞ்சிய வேலையை முடித்துவைக்கும்.

உதைக்குமுன்

முதலிற் கையை வையாது கண்ணை வைக்கவேண்டும். தாங்கியிற் பெற்றோல் உண்டா? பெற்றோல் டப் திறந்திருக்கின்றதா? கைபிடியிலுள்ள சிவப்பு நிறுத்து சுவிச் ஓடும் பக்கத்தில் இருக்கின்றதா? இவை சிறுபிள்ளைக் கேள்விகளாகத் தோன்றலாம். ஆயினும் அந்தச் சிவப்புச் சுவிச்சைத் தட்டிவிட்டதனோடே நோய் தீர்ந்து கராஜிலிருந்து திரும்பிய வண்டிகள் பல.

அடுத்தது காற்று வழி. வேட்டாளன் குளவி மண்கூடு கட்டுதற்குச் சைலன்சரின் துவாரத்தை விட உகந்த இடம் வேறில்லை. தாங்கி மூடியிலுள்ள சிறு மூச்சுத் துளையையும் அது அடைத்துவிடும். மூச்சுத் துளை அடைபட்டால் தாங்கியிலிருந்து பெற்றோல் இறங்காது. எலியும் அணிலும் காற்றுவடிப் பெட்டிக்குள் தும்பும் பஞ்சும் சேர்த்துக் குடியிருக்கும். கம்பிகளைக் கடித்தும் வைக்கும். எனவே காற்றுவடியைத் திறந்து பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது எஞ்சின் ஒயில். அளவுக் கோலை எடுத்துப் பார்க்கையில் ஒயில் பால்விட்ட கோப்பி போலத் தோன்றினால் உள்ளே நீர் புகுந்துள்ளது என்று பொருள். அவ்வொயிலோடு எஞ்சினை ஓட்டுதல் ஆகாது, வடித்து மாற்றவேண்டும். 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை வடமராட்சிக் கரையைத் தாக்கியபோது எண்ணற்ற வண்டிகள் உப்புநீரில் மூழ்கின. அவ்வாறு மூழ்கிய வண்டியை, அது ஓடுகின்றதா என்று பார்க்கும் ஆவலில் உடனே உதைத்தல் பெருந்தவறு. நன்னீரால் நன்கு கழுவி, ஒயிலையும் எரிபொருளையும் வடித்து, புது ஒயிலிட்ட பின்னரே எஞ்சினைச் சுழற்றவேண்டும். வெள்ளத்தில் அகப்பட்ட வண்டிக்கும் இதுவே விதி.

நான்காவது, பிளக்கைக் கழற்றி, அத்துவாரத்தினூடாக ஒரு தேக்கரண்டியளவு எஞ்சின் ஒயிலைச் சிலிண்டருக்குள் விட்டு ஒரு மணி நேரம் பொறுத்தல். ஒன்றரை ஆண்டாக அசையாதிருந்த பிஸ்ரன் வளையங்கள் உலர்ந்திருக்கும். பின்னர் திறப்பைப் போடாமலே கிக்கரைக் கையால் மெல்ல மெல்ல அழுத்தி எஞ்சினைச் சுழற்றவேண்டும். இலகுவாகச் சுழன்றால் நன்று. சுழலாது இறுகி நின்றால் பலவந்தம் செய்தல் கூடாது. இன்னும் சிறிது ஒயில் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டு மறுபடி முயல்க. அப்போதும் அசையாதெனின் அது கராஜுக்கு உரிய காரியம்.

பழுதுபட்ட பெற்றோல்

நெடுநாள் நின்ற வண்டிகளின் நோய் பெரும்பாலும் எரிபொருளிலேதான் இருக்கும். பெற்றோல் தண்ணீரைப் போல ஒரே பொருளன்று. அது கொதிநிலை வேறுபட்ட நூற்றுக்கணக்கான எண்ணெய்களின் கலவை. அவற்றுட் சில 30, 40 பாகை வெப்பத்திலேயே ஆவியாகும். சில 200 பாகை வரை பொறுத்திருக்கும். குளிர்ந்திருக்கும் எஞ்சினை முதலில் எழுப்புபவை அந்த இலேசான எண்ணெய்களே. நிறுத்திவைத்த வண்டியில் முதலில் ஓடிப்போவனவும் அவையே. எஞ்சிய கனத்த எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து நாளடைவிற் பிசினாக மாறுகின்றது. பழைய பெற்றோலை மணந்து பார்த்தவர்கள் அதன் புளித்த வார்னிஷ் வாடையை அறிவார்கள்.

இப்பிசின் தங்கும் இடம் காபரேற்றர். அதற்குள் மெதுவோட்ட ஜெற் என்று ஒரு சிறு பித்தளைத் திருகு உண்டு. அதன் நடுவிலுள்ள துளை அரை மில்லிமீற்றரிலும் சிறியது. தையலூசியின் முனைகூட அதனுள் இலகுவிற் புகாது. எஞ்சின் தொடங்கும் வேளையில் வேண்டிய பெற்றோல் அந்தத் துளையினூடாகவும் வரவேண்டும். ஒரு துளி பிசின் அதனை அடைத்துவிட்டால், தாங்கி நிறையப் புதுப் பெற்றோல் விட்டாலும் எஞ்சினுக்கு அது எட்டாக்கனியே.

மண்ணெண்ணெய்க் காலம்

எரிபொருளின் இயல்பை எம்மவர் புத்தகத்திற் கற்றதிலும் பஞ்சத்திற் கற்றதே அதிகம். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின்னர் குடாநாட்டின்மீது பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோல், டீசல், பற்றறி முதலியன தடுக்கப்பட்ட பொருள்களாயின. மின்சாரமும் அற்றுப்போயிற்று. பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கிற் படித்தனர். சைக்கிளை நிறுத்திப் பெடலைச் சுழற்றி, அதன் டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டனர். மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு கிடைத்தது. அம்மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள்களும் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் ஓடின. யப்பானில் அஞ்சற்காரருக்கென்று செய்யப்பட்ட ஹொண்டா எம்.டி. 90 என்ற சிறு வண்டி அந்நாளில் குடாநாட்டுத் தெருக்களில் எங்கும் காணப்பட்டது. அதுவும் மண்ணெண்ணெய்ப் புகையைக் கக்கிக்கொண்டு ஓடியது.

இஃது எளிதான காரியமன்று. பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் பெற்றோல் தீப்பற்றத்தக்க ஆவியைத் தரும். மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 38 பாகைக்கு மேலே சூடானாலன்றி அத்தகைய ஆவியைத் தாராது. ஆதலால் ஆறிக் கிடக்கும் எஞ்சினை மண்ணெண்ணெயால் எழுப்ப இயலாது. ஆனால் ஒருமுறை ஓடிச் சூடேறிய எஞ்சின் மண்ணெண்ணெயையும் தன் வெப்பத்தாலேயே ஆவியாக்கிக்கொள்ளும். இதனை உணர்ந்த எம்மவர், பொன்போற் பேணிய பெற்றோலிற் சில துளிகளை ஒரு சிறு போத்தலிலிருந்து ஊட்டி எஞ்சினைத் தொடக்கினர். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் பேர்கியூசன் முதலிய உழவு இயந்திரங்கள் பெற்றோலில் தொடங்கி, பின்னர் மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எரிபொருளில் ஓடின. அங்கே தொழிற்சாலை இரண்டு தாங்கிகள் வைத்துச் செய்து கொடுத்ததை, இங்கே வீட்டுக்காரரும் கராஜ்காரரும் கையிற் கிடைத்த குழாயையும் போத்தலையும் கொண்டு செய்துகொண்டனர்.

அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. மண்ணெண்ணெய் முற்றாக எரியாமற் பிளக்கிற் கரியாய்ப் படிந்தது. பிஸ்ரன் ஓரத்தால் வழிந்து ஒயிலை நீர்க்கச் செய்தது. ஆகவே பிளக் கழற்றும் சாவி ஒன்றின்றி எவரும் தூரப் பயணம் புறப்படவில்லை. தெருவோரத்தில் வண்டியைச் சரித்து, பிளக்கைக் கழற்றி, கரியைச் சுரண்டி, மறுபடி பூட்டுதல் ஆசிரியருக்கும் எழுதுவினைஞருக்கும் மீன் வியாபாரிக்கும் பொதுவான கைப்பழக்கமாயிற்று. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியையும் வடமராட்சியையும் நோக்கிப் புறப்பட்டபோது அக்கைப்பழக்கத்தின் மதிப்புத் தெரிந்தது. எஞ்சின் எழுந்த வீட்டில் நடக்கமாட்டாத முதியவர் பின்னிருக்கையில் ஏறிச் சென்றார். எழாத வீட்டில் அவரைச் சைக்கிளில் வைத்து உருட்டவேண்டியதாயிற்று.

சில துளிச் சோதனை

அன்றைய உபாயம் இன்று எம் மாணவருக்கு எங்ஙனம் உதவும் என்று கேட்கலாம். அவருடைய தாங்கியிற் கிடக்கும் ஒன்றரை ஆண்டுப் பெற்றோல் தன் இலேசான பகுதியை இழந்து மண்ணெண்ணெயின் குணத்தை நோக்கிப் பாதிவழி போய்விட்டது. அது குளிர்ந்த எஞ்சினை எழுப்பாது. எனவே தடைக்காலத்து அந்தச் சில துளிப் பெற்றோலையே இப்போது ஒரு சோதனையாகக் கொள்ளலாம்.

பிளக் துவாரத்தினூடாகப் புதுப் பெற்றோல் அரைத் தேக்கரண்டிக்கு மேற்படாமல் விடுக. சிந்தியதைத் துடைத்து, பெற்றோற் போத்தலை மூடித் தூர வைத்து, பிளக்கைப் பூட்டி, திறப்பைப் போட்டு உதைத்துப் பார்க்க. எஞ்சின் இரண்டு மூன்று முறை வெடித்து ஓடி நின்றுவிட்டால் மனம் சோரவேண்டா. பொறி உண்டு, அமுக்கமும் உண்டு, குறை எரிபொருள் வரும் வழியிலே மட்டும் என்று அது தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒருமுறையேனும் வெடியாவிட்டால் பெரும்பாலும் குறை பொறியில் உள்ளது. மூன்று ஐயங்களை ஒன்றாகக் குறைத்துவிட்டது அரைத் தேக்கரண்டிப் பெற்றோல்.

குறை எரிபொருள் வழியில் எனின், பழைய பெற்றோலை முழுவதும் வடித்துவிடுக. இங்கே ஓர் எச்சரிக்கை. குழாயை வாயில் வைத்து உறிஞ்சிப் பெற்றோல் எடுக்கும் வழக்கம் எம்மிடையே நெடுநாளாக உண்டு. அது கொடிய வழக்கம். வாயிற் புகுந்த பெற்றோலிற் சிறிதளவு மூச்சுக்குழல் வழியே நுரையீரலை அடைந்தாலும் உயிராபத்தான அழற்சியை உண்டாக்கும். அவ்வாறு நேர்ந்தால் வாந்தியெடுக்கச் செய்யாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். டப்பிற் பூட்டிய குழாயைக் கழற்றிக் கீழே பாத்திரத்தில் வழியவிட்டால், உறிஞ்ச வேண்டிய தேவையே இல்லை. தாங்கியின் அடியில் துருத்தூள் வருகின்றதா என்றும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

பின்னர் காபரேற்றரின் அடிக்கிண்ணத்தைத் திறந்து, ஜெற்றைக் கழற்றி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க. துளை வட்டமாகத் தெரியவேண்டும். அடைபட்டிருந்தால் காபரேற்றர் துப்புரவுத் திரவத்தில் ஊறவிட்டுக் காற்றடித்து நீக்குக. இரும்புக் கம்பியால் குத்துதல் ஆகாது. பித்தளை மெதுவானது, துளை பெருத்துவிட்டால் எரிபொருளின் அளவே கெட்டுவிடும். கழற்றும் ஒவ்வொரு திருகையும் வெள்ளைத் துணியொன்றில் வரிசையாக வைத்தால் திரும்பப் பூட்டுகையிற் குழப்பம் நேராது.

பொறி

குறை பொறியில் எனின், கழற்றிய பிளக்கை அதன் தொப்பியிற் செருகி, அதன் உலோக உடலை எஞ்சினின் வெற்றுலோகத்தில் நன்கு தொடும்படி வைத்து, நிழலான இடத்தில் உதைத்துப் பார்க்கவேண்டும். பிளக் துவாரத்திலிருந்து பெற்றோல் ஆவி வெளிவருமாதலால், பிளக்கை அதற்குத் தூரமாகவே வைக்கவேண்டும். துவாரத்தை ஒரு துணியால் மூடுதல் நன்று. சில துளிச் சோதனை செய்த வண்டியெனின், உள்ளேயுள்ள பெற்றோல் உலரச் சிறிது நேரம் விடுக. நீலமாய் 'சடக்' என்று பொறி விழுந்தால் அது நலமானது. மஞ்சளாய் மெலிந்து விழுந்தால் பிளக்கைத் துப்புரவாக்குக அல்லது மாற்றுக. பிளக்கின் இடைவெளி பல வண்டிகளில் 0.6 முதல் 0.8 மில்லிமீற்றர் வரை இருக்கும். சரியான அளவை வண்டிக் கையேடு கூறும்.

பொறியே இல்லையெனின் உப்புக்காற்றின் கைவரிசையைத் தேடுக. பிளக் தொப்பி, கம்பிப் பொருத்துகள், கொயில் சட்டத்தோடு சேருமிடம் ஆகியவற்றில் களிம்பு படிந்திருக்கும். கழற்றித் துடைத்து மறுபடி இறுக்கினாலே பல நோய்கள் தீர்ந்துவிடும். மிகப் பழைய வண்டிகளில் பொயின்ற் எனப்படும் தொடுமுனைகள் உண்டு. அவை வேலையின்றிக் கிடந்தால் மெல்லிய படலம் பூக்கும். மெல்லிய அரத்தாள் கொண்டு இலேசாகத் தேய்த்து, சுத்தமான கடுதாசித் துண்டை இடையிட்டு இழுத்தால் படலம் நீங்கும்.

பற்றறியைப் பற்றியும் சொல்லவேண்டும். 12 வோல்ற் ஈயப் பற்றறி முழுதாய் மின்னேறியிருக்கையில் ஏறத்தாழ 12.6 வோல்ற் காட்டும். 12 க்குக் கீழே இறங்கினால் அது ஏறக்குறைய வெறுமையானது. ஒன்றரை ஆண்டு கவனிப்பின்றிக் கிடந்த பற்றறி பெரும்பாலும் மின்னேற்றினாலும் மீளாது. கிக்கர் உள்ள பழைய காபரேற்றர் வண்டிகள் பலவற்றுக்குப் பற்றறி இன்றியும் பொறி கிடைக்கும். எரிபொருளை விசிறிப் பாய்ச்சும் புது வண்டிகளுக்கோ பற்றறியே உயிர். திறப்பைப் போட்டவுடன் தாங்கிக்குள்ளிருந்து 'ம்ம்' என்று இரண்டு மூன்று விநாடி பம்பி இரைய வேண்டும். அவ்வொலி கேளாவிட்டால் முதலில் பற்றறியையும் பியூசையும் பார்க்க.

பொறியும் எரிபொருளும் செம்மையாயிருந்தும் எழாத வண்டிக்கு அமுக்கத்தைச் சோதிக்கவேண்டும். பிளக் துவாரத்தைப் பெருவிரலால் அழுத்தி மூடி மற்றொருவரைக் கொண்டு உதைப்பித்தால், விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வெளிவரவேண்டும். வரவில்லையெனின் வால்வு ஒன்று துருவேறித் திறந்தபடி நிற்கலாம். அதனைச் செப்பஞ்செய்தல் கைதேர்ந்தவர் தொழில்.

ஒரு வேளையில் ஒரு மாற்றம்

இவ்வளவையும் வாசித்து, அனைத்தையும் ஒரே நாளிற் கழற்றிக் குவித்தல் தகாது. நெல்லியடிப் பக்கத்துக் கராஜ் ஒன்றில் வயது முதிர்ந்த மேசிரியார் ஒருவரும் இளைஞர் ஒருவரும் பேசியதை நாம் கேட்டிருக்கின்றோம்.

"அண்ணை, பிளக்கும் மாத்தினன், பற்றறியும் மாத்தினன், காபரேற்றரையும் திறந்து கழுவினனான். இப்ப ஸ்ராட் ஆகுது, ஆனா ரெண்டு நிமிசத்தில நிக்குது."

"தம்பி, ஒவ்வொண்டாச் செய்து பாத்தனீரோ, எல்லாத்தையும் ஒரேயடியாச் செய்தனீரோ?"

"ஒரேயடியாத்தான், அண்ணை."

"அப்ப வருத்தம் முதல்ல எதில இருந்ததெண்டு உமக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. புதுசா ஒரு வருத்தத்தை நீர் உண்டாக்கினீரோ எண்டும் தெரியாது. இனி முதல்ல இருந்துதான் வரவேணும்."

பல்கலைக்கழக ஆய்வுகூடத்திற் கற்பிக்கும் முதல் விதியும் இதுவே. ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்று, விளைவைப் பார், குறித்துவை, பின்னர் அடுத்ததை மாற்று. அந்த மேசிரியார் அவ்விதியைக் கற்ற கூடம் தகரக் கூரையிட்ட கராஜ். கற்ற காலம், கெடுத்தால் மாற்றுதற்கு வேறு பொருள் கிடையாத தடைக்காலம்.

வண்டி எழுந்தபின் திறந்த வெளியில் வைத்து ஓடவிடுக. மூடிய அறைக்குள் எஞ்சினை ஓட்டினால் அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு மணமுமின்றி நிறமுமின்றி ஆளைக் கொல்லும். எஞ்சின் சூடேறியதும் ஒயிலை மாற்றுக. எஞ்சின் எழுந்த மகிழ்ச்சியில் பிறேக்கை மறத்தலாகாது. துருவேறிய பிறேக் கேபிளும் வெடிப்புக் கண்ட ரயரும் எழாத எஞ்சினிலும் கொடியவை. எழாத எஞ்சின் வளவுக்குள்ளேயே நிற்கும்; நில்லாத வண்டியோ தெருவில் உயிர் வாங்கும். தாயாரைப் பின்னே ஏற்றுமுன் தனியே பல முறை ஓட்டிப் பார்த்தல் வேண்டும். இருவரும் தலைக்கவசம் அணிதலும் வேண்டும்.

நிறுத்துமுன்

வருமுன் காப்பது எளிது. 2020 மார்ச் 20 முதல் ஊரடங்கு வாரக்கணக்கில் நீடித்தபோது வண்டிகள் முற்றங்களில் உறங்கின. 2022 ஜூன் இறுதியிலிருந்து ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கன்றி எரிபொருள் விற்கப்படவில்லை. அதன்பின் வந்த கியூ.ஆர். முறையில் மோட்டார் சைக்கிளுக்குத் தொடக்கத்தில் வாரம் 4 லீற்றரே கிடைத்தது. 2023 செப்டெம்பரில் அம்முறை நீங்கும்வரை, இரண்டு வண்டி உள்ள வீடுகளில் ஒன்று பெரும்பாலும் நின்றே கிடந்தது. பெற்றோலைக் கான்களில் அடைத்து அறைக்குள் வைத்தோரும் இருந்தனர். அது வீட்டுக்குள் வெடிமருந்தை வைப்பதற்கு ஒப்பாகும். அதனைவிட வண்டியை முறையாக நிறுத்தத் தெரிந்திருத்தல் நன்று.

ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாயின், டப்பை மூடி எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிட்டுக் காபரேற்றரை வெறுமையாக்குக. ஜெற்றிற் பிசின் சேராது. தாங்கி இரும்பாயின் அதனை நிரப்பி வைக்க. வெற்றிடமும் ஈரக்காற்றும் இல்லாத இடத்தில் துரு இல்லை. பற்றறியைக் கழற்றி மாதமொருமுறை மின்னேற்றுக. செயினுக்கும் கேபிள்களுக்கும் ஒயில் இடுக. சைலன்சர் வாயைத் துணியால் அடைத்து, மறவாதபடி கைபிடியில் ஒரு குறிப்புக் கட்டுக. நனையும் சாக்கு ஈரத்தைப் பிடித்துவைக்குமாதலால், மழைச்சாரல் படாத இடத்திற் காற்றோட்டமான துணியாற் போர்த்துக.

மாணவர்காள்! நான்கடிப்பு எஞ்சினின் படத்தை நிறந்தீட்டி வரைந்து முழுப்புள்ளி பெறுவோர் உங்களிற் பலர். ஒரு பிளக்கைக் கையில் ஏந்தி, அது நனைந்திருக்கின்றதா உலர்ந்திருக்கின்றதா, கரியேறியிருக்கின்றதா வெளுத்திருக்கின்றதா என்று பார்த்து, அதனால் எஞ்சினுள் நடப்பதைச் சொல்லவல்லார் எத்தனை பேர்? தடைக்காலத்தில் அதனைச் செய்தவர்கள் இன்று அறுபது, எழுபது வயதினர். அவர்கள் தங்கள் அறிவை ஏட்டில் எழுதி வைக்கவில்லை, விரலிலே வைத்திருக்கின்றார்கள். உங்கள் வீட்டிலோ அயலிலோ அத்தகைய ஒரு பெரியவர் இருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய வண்டியொன்றையும் பிளக் சாவியொன்றையும் எடுத்துக்கொண்டு அவரருகே உட்காருங்கள். அவர் சொல்வதைக் கேட்டு, நீங்களே கழற்றி, நீங்களே பூட்டுங்கள். கற்பிப்பார் இருக்கும்போதே கற்றுக்கொள்ளுதல் வேண்டும். யந்திரத்தைப் போல அறிவும் பயன்படுத்தாது விட்டாற் பிசின் பிடித்துப்போகும். அதனைத் துப்புரவாக்கக் கராஜ் எங்கும் இல்லை.